கவ்வாத்துக்குப் பிறகும் துளிர்ப்பவை

கவ்வாத்து வெட்டி முடித்த தேயிலை மலையை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு மனம் திக்கென்னும். நேற்றுவரை பச்சையாக விரிந்து கிடந்த சரிவில் இன்று இலையே இல்லை. வெட்டுண்ட கட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கும். செடி செத்துவிடவில்லை என்பது தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். கத்தி வைப்பதற்கு முன்பே வேர்த்துண்டு ஒன்றை எடுத்து அயடீன் விட்டுப் பார்த்திருப்பார்கள். வேர் கருநீலமானால் உள்ளே மாப்பொருள் போதிய அளவு சேர்ந்திருக்கிறது என்று பொருள், வெட்டலாம். அந்தச் சேமிப்பை உண்டு, பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். ஹேவாஹெட்ட மலைகளுக்கு இது பழகிய காட்சி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு இலங்கையின் தேயிலை வர்த்தகத்தைத் தொடங்கிவைத்த லூல்கந்துர தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை முதலில் பலித்துவிட்டுப் பிறகு ஏன் பலிக்காமல் போகிறது என்று வாசிக்கத் தொடங்கியபோது இந்தக் கட்டைகள்தாம் என் நினைவில் நின்றன. இந்த உவமை ஓர் எல்லைவரை உதவும். அதற்கப்பால் தவறான வழி காட்டும் என்பதும் வாசிக்க வாசிக்கத்தான் புரிந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறை நடந்து வந்த பாதையும் ஏறக்குறைய அதுவே.

இந்த மலைகளில் நின்று புற்றுநோயைப் பேசினால் முதலில் வாய்ப்புற்றைத்தான் பேச வேண்டும். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது உதடு, வாய், தொண்டை சார்ந்த புற்றுநோய். தோட்டத்தில் வெற்றிலை பசிக்கும் குளிருக்கும் அலுப்புக்கும் துணை. மலைக்கு ஏறும்போது ஒரு வாய், கொழுந்து நிறுத்த பிறகு ஒரு வாய். அதைக் கெட்ட பழக்கம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பனிக் காலையில் செங்குத்துச் சரிவில் கூடை சுமப்பவருக்கு அந்த ஒரு வாய் என்ன தருகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அது எடுத்துக்கொள்வது பெரிது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகாமை 1985இல் அறிவித்தது. 2004இல் வெளிவந்த மறுமதிப்பீடு, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும், தனிப் பாக்கையும்கூட அதே வகுப்பில் வைத்தது. ‘பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்’ என்ற ஆறுதலுக்கு அதன்பிறகு இடமில்லை.

நோய் பெரும்பாலும் வலியில்லாமல் வருகிறது. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு. சுண்ணாம்பு பட்டு வாய் வெந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அல்லது வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத் திறப்பு சுருங்கும். சிலருக்கு மட்டும், பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த இடம் ஆறாத புண்ணாகி, கட்டியாகும். அப்போது பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ போகிறார்கள். அறுவைச் சிகிச்சை நடக்கிறது. தேவைப்பட்டால் கரண்ட் பிடிப்பதும் (கதிர்வீச்சு), அதோடு சிஸ்பிளாட்டின் மருந்து ஏற்றுவதும். கட்டி போய்விடுகிறது. பலருக்கு அதோடு நோயும் போய்விடுகிறது. மற்றவர்களுக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், அதே இடத்திலோ கழுத்து நிணநீர்க் கணுவிலோ திரும்பி வருகிறது. திரும்பி வந்தது முதல் சிகிச்சைக்குப் பணிந்ததைப்போல இரண்டாவதற்குப் பணிவதில்லை.

இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம் மரபணுவைச் சார்ந்தது. கோடிக்கணக்கான புற்றுக்கலங்களில் ஒன்றிரண்டில் தற்செயலாக ஒரு மரபணு மாற்றம் நேர்ந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட அது மட்டும் பிழைத்துப் பெருகும். வாய்ப்புற்றில் இன்னொரு காரணமும் உண்டு. 1953இல் ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும், கட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு நலமாகத் தோன்றும் உட்தோலும் உள்ளுக்குள் கெட்டிருப்பதை 783 நோயாளிகளிடம் கண்டு, ஒரு கட்டியை விளைவித்த வயல் முழுவதுமே விதைக்கப்பட்டுக் கிடக்கிறது என்று காட்டினார்கள். இரண்டு விளக்கங்களும் இன்றும் சரியே. ஆனால் மரபணுவில் எந்தப் புதிய மாற்றமும் இல்லாமலே மருந்தைத் தாங்கும் கலங்களை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டார்கள். அவை எங்கிருந்து வந்தன என்பதில்தான் உறங்கும் மொட்டுகளின் கதை தொடங்குகிறது.

நம் வாயின் உட்சுவர் சில வாரங்களுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மேலே உள்ள கலங்கள் உதிர, அடித்தளத்தில் இருக்கும் மூலக்கலங்கள் (தமிழ்நாட்டில் குருத்தணு, ஸ்டெம் செல் என்பார்கள்) பிரிந்து புதியவற்றை மேலே அனுப்புகின்றன. வெற்றிலை போட்டுப் புண்ணான வாய் ஆறுவது இவற்றால்தான். புற்றுக்கட்டிக்குள்ளும் இப்படி ஒரு படிநிலை உண்டா என்ற கேள்விக்கு முதல் வலுவான விடை 1994இல் டொரோன்டோவிலிருந்து வந்தது. ஜான் டிக்கின் குழு கடும் இரத்தப் புற்றுள்ள நோயாளிகளின் கலங்களை நோயெதிர்ப்புக் குன்றிய எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தது. மிகச் சில கலங்களே நோயை மறுபடி உண்டாக்கின. அவற்றின் மேற்பரப்பு அடையாளங்கள் இயல்பான இரத்த மூலக்கலங்களுடையவற்றை ஒத்திருந்தன. 2003இல் மைக்கேல் கிளார்க்கின் குழு மார்பகப் புற்றில் இதையே கண்டது: தேர்ந்தெடுத்த சில நூறு கலங்கள் கட்டியை எழுப்பின, தேர்ந்தெடுக்காத பல்லாயிரம் கலங்கள் எழுப்பவில்லை. வாயும் தொண்டையும் சேர்ந்த தலை, கழுத்துப் புற்றுக்கு இந்தச் சோதனையை 2007இல் மார்க் பிரின்ஸும் சகாக்களும் செய்தார்கள். சிடி44 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய, கட்டியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கலங்களிடம்தான் கட்டியை மீண்டும் முளைக்கவைக்கும் ஆற்றல் இருந்தது.

மூலக்கலம் ஒன்றின் பொறுப்பை எண்ணிப் பார்த்தால் அது ஏன் எளிதில் சாவதில்லை என்பது விளங்கும். ஓர் ஆயுள் முழுவதும் ஓர் இழையத்தைத் தாங்கப்போகும் கலத்துக்கு உடல் மிகச் சிறந்த பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. உள்ளே புகும் நஞ்சை வெளியே இறைக்கும் பம்புகள் அதன் சவ்வில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அல்டிஹைட் போன்ற நச்சுகளைச் சிதைக்கும் நொதியம் அதில் மிகுதி. டி.என்.ஏ. உடைந்தால் சீராக்கும் ஏற்பாடு விரைவாக இயங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது அரிதாகவே பிரிகிறது. கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் பிரிந்துகொண்டிருக்கும் கலங்களைத்தான் அதிகம் தாக்குகின்றன. தூங்குகிறவனை அவை தாண்டிப் போய்விடுகின்றன. புற்று இந்தக் கருவிகளில் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உடல் தனக்காகச் செய்து வைத்திருந்ததை எடுத்து அணிந்துகொண்டது. மூளைப் புற்றின் மூலக்கலங்கள் கதிர்வீச்சுக்குப் பிறகு தம் டி.என்.ஏ.வை மற்றவற்றைவிட நன்றாகச் சீர்செய்துகொள்வதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாய், தொண்டைப் புற்றின் மூலக்கலங்கள் குருதிக் குழாய்களை ஒட்டியே குடியிருப்பதையும், அந்தக் குழாய்ச் சுவர்க் கலங்கள் விடும் சமிக்ஞைகளால் அவை காக்கப்படுவதையும் ஜாக் நோரின் குழு கண்டது. அதே குழு 2014இல் வெளியிட்ட முடிவு இன்னும் கலங்கவைப்பது: சிஸ்பிளாட்டின் பட்ட புற்றில் மூலக்கலங்களின் விகிதம் கூடியிருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்றதால் மட்டும் அந்தக் கூடுதல் வரவில்லை. மூலக்கலத் தன்மையைத் தாங்கி நிற்கும் பிஎம்ஐ1 என்ற புரதத்தையும் மருந்தே தூண்டியிருந்தது.

இதுவரை தேயிலைக் கட்டையின் உவமை பொருந்துகிறது. உறங்கும் மொட்டுகளைத் தேடிக் கிள்ளிவிட்டால் செடி துளிர்க்காது. மூலக்கலங்களைத் தேடிக் கொன்றால் புற்று திரும்பாது. 2000களின் நடுப்பகுதியில் பலரும் இப்படித்தான் நம்பினார்கள். நம்பிக்கை வைக்கத் தகுந்த எளிமை அதில் இருந்தது.

முதல் அடி 2008இல் விழுந்தது. கறுப்புத்தோல் புற்றான மெலனோமாவில் மூலக்கலங்கள் மிக அரிது என்றுதான் அதுவரை கணக்கு. மிச்சிகனில் எல்சா கின்டானாவும் ஷான் மாரிசனும் இன்னும் நோயெதிர்ப்புக் குன்றிய எலிகளைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஏறக்குறைய நான்கு கலங்களில் ஒன்று புதிய கட்டியை எழுப்பியது. கட்டியை எழுப்பும் கலம் எவ்வளவு அரிது என்பது, அதைச் சோதித்த எலியையும் பொறுத்திருந்தது. 2011இல் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்டின் சாஃபர், மூலக்கலத் தன்மை அற்றவை என்று பிரித்து வைத்த மார்பகக் கலங்கள் தாமாகவே மூலக்கலங்களாக மாறுவதைக் கண்டார். அதே ஆண்டில் பியுஷ் குப்தாவின் குழு மார்பகப் புற்றின் ஒவ்வொரு வகைக் கலத்தையும் தனித்தனியே பிரித்து வளர்த்துப் பார்த்தது. எதிலிருந்து தொடங்கினாலும் சில நாட்களில் பழைய கலவை விகிதமே திரும்பியது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சோதனை 2017இல் குடல் புற்றில் நடந்தது. கட்டியின் மூலக்கலங்களை மட்டும் கொல்லும் ஒரு மரபணுப் பொறியை எலிகளில் பொருத்தினார்கள். மூலக்கலங்கள் அழிந்தன; கட்டி வளர்வது நின்றது. ஆனால் சுருங்கி மறையவில்லை. பொறியை நிறுத்தியதும், மூலக்கலம் அல்லாத சாதாரணப் புற்றுக்கலங்கள் மூலக்கலங்களாக மாறி, கட்டி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் தொஷிரோ சாட்டோவின் குழு மனிதக் குடல் புற்றைக்கொண்டு செய்த சோதனையும் இதையே சொன்னது.

கவ்வாத்துக் கட்டை இங்கே நமக்கு உதவாது. தேயிலையில் மொட்டு எங்கே என்பது தீர்மானமான ஒன்று. முற்றிய இலை மொட்டாக மாறாது. புற்றுக்குள் இலையும் மொட்டாகும், மொட்டும் இலையாகும். மூலக்கலம் என்பதை ஓர் இனமாகக் கொள்வதைவிட ஒரு நிலையாகக் கொள்வதே பொருத்தம். கலம் அதற்குள் நுழையலாம், வெளியேறலாம். இந்த இயல்பைத்தான் கலத்தின் நெகிழ்வு என்கிறோம்.

நெகிழ்வின் மிக நன்றாக ஆராயப்பட்ட வடிவம் ஒரு பழைய உடல் செயலைச் சார்ந்தது. கருவில் உறுப்புகள் உருவாகும்போதும், காயம் ஆறும்போதும், பக்கத்துக் கலங்களோடு இறுகப் பிணைந்து நிற்கும் மேலணிக் கலங்கள் தம் பிணைப்பைத் தளர்த்தி, நீண்ட உருவெடுத்து, நகரத் தொடங்கும். இடம் சேர்ந்ததும் பழைய உருவுக்குத் திரும்பும். புற்றுக்கலம் இந்தச் செயலைக் கடன் வாங்கி உடலெங்கும் பரவுகிறது என்பது முன்பே தெரியும். 2008இல் செந்துறை மணி, வைன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் கண்டது வேறு: இந்த உருமாற்றத்துக்குள் தள்ளப்பட்ட மார்பகக் கலங்கள் மூலக்கலங்களின் இயல்பையும் சேர்த்தே பெற்றன. நகரும் திறனும், புதிதாய் முளைக்கும் திறனும், மருந்தைத் தாங்கும் திறனும் ஒரே கதவால் உள்ளே வருகின்றன. உருமாற்றம் பாதியில் நின்ற கலங்களே பெரும்பாலும் மிக ஆபத்தானவை என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மோஹித் குமார் ஜோலியின் குழு கணித மாதிரிகளால் விளக்கி வருகிறது. முழுதாக மாறிய கலம் வளைந்துகொடுப்பதை இழக்கிறது. நடுவில் நிற்பது இரு பக்கமும் போக முடியும். வாய்ப்புற்றில் இதற்கு நேரடிச் சான்று 2017இல் கிடைத்தது. சித்தார்த் பூரமும் சகாக்களும் 18 நோயாளிகளிடமிருந்து எடுத்த ஏறக்குறைய 6,000 கலங்களைத் தனித்தனியே படித்தார்கள். பாதி உருமாறிய கலங்கள் கட்டியின் விளிம்பில், சுற்றியுள்ள நார்க் கலங்களுக்கு அருகில் இருந்தன. அவை மிகுதியாக இருந்த கட்டிகள் கழுத்துக் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பும் மிகுதி.

இங்கேதான் பாக்கு மறுபடி கதைக்குள் வருகிறது, எதிர்பாராத பக்கத்திலிருந்து. பாக்கிலுள்ள அரெகொலின் டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது என்று மட்டுமே நெடுங்காலம் நினைத்தோம். ஆனால் பாக்கு போடுகிறவருடைய வாயின் அடியிழையம் நாராக இறுகி, வாய் திறக்க முடியாமல் போவதில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்துக்குப் பெரிய பங்குண்டு. மேலணிக் கலங்களை உருமாறத் தூண்டுவதும் அதே புரதம். தைவான் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வாயின் மேலணிக் கலங்களை நீண்ட நாள் அரெகொலினில் வளர்த்தார்கள். அக்கலங்களுக்கு மூலக்கலத் தன்மையும் உருமாறும் இயல்பும் மருந்தைத் தாங்கும் ஆற்றலும் வந்து சேர்ந்தன. இது ஆய்வுக்கூடக் கலங்களில் கண்டது. ஒரு மனிதரின் வாயில் இருபது ஆண்டு நடப்பதை அப்படியே சொல்லிவிட முடியாது. ஆனாலும் எதிர்ப்பு, சிகிச்சை தொடங்கிய பிறகு மட்டுமே உண்டாவதில்லை என்ற எண்ணத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. மருந்து ஏற்றும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே, நாள்தோறும் கடைவாயில் ஒதுக்கிய பாக்கு அந்தக் கலங்களுக்கு வளைந்துகொடுக்கப் பழக்கிக் கொடுத்திருக்கலாம்.

நெகிழ்வு புற்றுக்குக் கொடுப்பது முதலில் அவகாசம். 2010இல் ஜெஃப் செட்டில்மனின் குழு நுரையீரல் புற்றுக்கலங்களின் மேல், கொல்வதற்குத் தேவையானதைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட மருந்தை ஊற்றியது. ஆயிரத்தில் மூன்று கலங்கள்போலப் பிழைத்தன. அவற்றில் எதிர்ப்பு மரபணு மாற்றம் இல்லை. மருந்தை எடுத்துவிட்டு வளரவிட்டபோது அவற்றின் வழித்தோன்றல்கள் மறுபடியும் மருந்துக்குச் செத்தன. டி.என்.ஏ.வைச் சுற்றியிருக்கும் புரதங்களின் அமைப்பை மாற்றிக்கொண்டு, கலம் தற்காலிகமாக ஒதுங்கி நின்றது, அவ்வளவுதான். ஆனால் அப்படி நிற்கும் வாரங்களிலும் மாதங்களிலும் உண்மையான மரபணு மாற்றம் ஒன்று அதற்கு நேரலாம். நேர்வதை 2016இல் இன்னொரு குழு காட்டியது. முதலில் நிலை மாறி உயிர் தப்புகிறது. பிறகு மரபணு மாறி நிலைபெறுகிறது. பழைய விளக்கமும் புதிய விளக்கமும் சந்திக்கும் இடம் இது.

கதிர்வீச்சு மருத்துவர்கள் இந்தக் காலக்கணக்கை வேறொரு வழியில் முன்பே அறிந்திருந்தார்கள். 1988இல் ராட்னி விதர்ஸ் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சுப் பெற்றவர்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். சிகிச்சை தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குப் பிறகு, எஞ்சிய கலங்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு நீளும் ஒவ்வொரு நாளையும் ஈடுசெய்ய 0.6 கிரே அளவு கூடுதல் கதிர்வீச்சு தேவை என்பது அவர் கணக்கு. ஒரு நாளைக்குக் கொடுப்பது வழக்கமாக 2 கிரே. அதாவது மூன்று நாள் இழுபட்டால், ஏறக்குறைய ஒரு முழு நாள் சிகிச்சையைப் புற்று விழுங்கிவிடுகிறது. வாயின் மூலக்கலங்கள் புண்ணை ஆற்ற விரைவதைப்போலவே, எஞ்சிய புற்றுக்கலங்களும் தங்கள் புண்ணை ஆற்றுகின்றன.

இந்தக் கணக்கை ஹேவாஹெட்டயில் வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம், முப்பதுக்கும் மேற்பட்ட முறை. லயத்திலிருந்து பஸ் வரும் இடத்துக்கு நடை. பிறகு தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு வளைவும் நெளிவுமான பாதை. நான்காவது வாரத்துக்குள் வாயெல்லாம் வெந்து, கஞ்சிகூட இறங்காது. கூட ஒருவர் வரவேண்டும். இருவருக்கும் அன்றைக்குப் பேர் விழாது, நாட்சம்பளம் இல்லை. இயந்திரம் பழுது, மழையில் மண்சரிவு, வீட்டில் ஒரு சாவு என்று நாட்கள் விட்டுப்போவது இந்த நாலாவது, ஐந்தாவது வாரங்களில்தான். பாதியில் நின்றவரைப் பொறுப்பில்லாதவர் என்று ஏசுவது எளிது. அந்த வாரங்களில் கண்டியில் தங்க ஓர் இடமும், இழந்த நாட்சம்பளமும் கிடைத்தால் அதுவே புற்றின் நெகிழ்வுக்கு எதிரான சிகிச்சை. விலையுயர்ந்த எந்தப் புது மருந்துக்கும் நிகராக இதைச் சொல்வேன்.

மருந்துகளில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. கலத்தைக் கொல்வதைவிட்டு அதை முதிரச் செய்வது என்ற யோசனை ஒருவகை இரத்தப் புற்றில் முழு வெற்றி பெற்றது. 1988இல் ஷாங்காய் மருத்துவர்கள் உயிர்ச்சத்து ஏயின் ஒரு வடிவத்தைக் கொடுத்தபோது, பிரிந்துகொண்டே இருந்த இளங்கலங்கள் முதிர்ந்து ஓய்ந்தன. பிறகு அதோடு ஆர்சனிக்கும் சேர, உயிரைக் குடித்த அந்த நோய் இன்று பெரும்பாலோருக்குக் குணமாகிறது. வாயின் வெள்ளைத் தழும்பிலும் இதே வழியை முயன்றார்கள். 1986இல் அமெரிக்காவில் வாகி ஹாங் 24 நோயாளிகளுக்கு இதே குடும்பத்து மருந்தைக் கொடுக்க, 16 பேருக்குத் தழும்பு வெகுவாகச் சுருங்கியது. மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று மாதங்களில் ஒன்பது பேருக்குத் திரும்பியது. நமக்கு அருகே கேரளத்து மீனவ மக்களிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், உயிர்ச்சத்து ஏ பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்குத் தழும்பு மறைந்தது. அவர்களில் மூன்றில் இருவருக்கு, நிறுத்தியதும் மறுபடி வந்தது. தழும்பு நிலையிலேயே கலங்கள் வளைந்துகொடுத்துத் திரும்புகின்றன. எலிகளில் பிஎம்ஐ1ஐத் தடுக்கும் மருந்தைச் சிஸ்பிளாட்டினோடு சேர்த்தபோது வாய்ப்புற்றின் மூலக்கலங்கள் ஒடுங்கியதை 2017இல் கண்டார்கள். மனிதரிடம் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை வேறு வழியில் போனது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு மலிவான மாத்திரைகளைச் சிறு அளவில் தொடர்ந்து கொடுத்து, அதோடு நோயெதிர்ப்பைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்துப் பார்த்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்ததாக 2023இல் வெளியிட்டது. பணமுள்ள நாடுகளுக்காக எழுதப்பட்ட அளவை நமக்குக் கட்டுப்படியாகும்படி குறைத்துப் பார்க்கும் இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனாலும் கட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குக் குறைவான கலங்களுக்கே நிலை மாற வழியுண்டு என்ற கணக்கை எந்த மருந்தும் மாற்றவில்லை. அதனால் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் அறிவித்தார்கள். அதற்கு நெடுநாள் முன்னரே நம் மலைநாட்டில் இது தொடங்கியிருந்தது. சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மத்திய இலங்கையின் குடும்பநல ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். வெளிச்சம் இருந்தால் போதும், வேறு பெரிய கருவி வேண்டியதில்லை. சந்தேகத்துக்குரியவை என்று அவர்கள் சொன்னவற்றில் மிகப் பெரும்பாலானவை நிபுணர் பார்த்தபோதும் சரியாகவே இருந்தன. அப்படி வைத்தியசாலைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே போனார்கள். மற்றவர்கள் அடுத்த நாள் காலை வழக்கம்போல மலைக்கு ஏறியிருப்பார்கள், மடியில் வெற்றிலையோடு.